தணிக்கைத் தடை, பத்தி 17

'ஆயுத பூஜை மின்அலங்காரம்,
ரூபாய் பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது.
எந்தக் கணக்குத் தலைப்பு, எந்த அரசாணை?'
பதில் செவ்வாய்க்குள் வேண்டும்.

எழுதவேண்டியது நான்.
கோரையாற்றங்கரை நகராட்சியின் இளநிலை உதவியாளர்,
வருகைப் பதிவேட்டில் இரா. குழலி.

பொரிகடலையைத் தணிக்கையாளர் கேட்கவில்லை.
அது பிளீச்சிங் பவுடராகிப்
பொதுச் சுகாதாரத்தில் போய் உட்கார்ந்து பத்து வருஷமாகிறது.
வாசலில் உடைத்த பூசணிக்காய்
வடிகால் பராமரிப்பு.
வாழைக்கன்று இரண்டும் கவுன்சிலர் கொல்லையில் வெட்டியவை,
செலவில்லை.

மாட்டிக்கொண்டது விளக்குதான்.
ஆற்றுக்கு அக்கரையில்
சம்பா நடவு முடித்துக் கரையேறியவர்களுக்கும் தெரிந்தது
எங்கள் மாடியில் நின்ற பன்னிரண்டு அடி வேல்.

வயர்மேன் வைரக்கண்ணுவைக் கேட்டேன்.
'அதே ஆறு சரம்தான் மேடம்.
கந்தூரிக்கு வளைச்சா பிறை,
டிசம்பர்ல முடுக்குனா நட்சத்திரம்.
கம்பிதான் வேற.
ஃபியூஸ் போன பல்பு மட்டும்
வேலுக்கு நுனியில வரும்,
பிறைக்கு முதுகுல.'

ஆகவே எழுதினேன்:
விளக்குக்கு மதமில்லை.
படித்துப் பார்த்தேன்.
மைக் பிடித்த யாரோ எழுதியது போலிருந்தது.
அடித்துவிட்டேன்.

எம்மதத்தையும் சமமாக, என்று மறுபடி தொடங்கினேன்.
தோளுக்கு மேலே நின்று படித்த வரைவாளர் மெய்யழகன்
'எனக்கு?' என்றார்.
பூஜை போட்ட அன்று விடுப்பெடுக்காமல்
கறுப்புச் சட்டையில் வந்து
தன் மேஜைக்கு மட்டும் சந்தனம் வேண்டாமென்றவர்.
'உங்களுக்கு எந்த ஃப்ரேம் சார்?'
'ஒரு நாள் அணைச்சு வைங்க.
அதுக்கு பில்லும் வராது.'

சிரித்தேன். சிரித்த பிறகுதான்
பாத்துமுத்து நினைவுக்கு வந்தார்.

லீவு முடிந்து ஆபீஸ் திறந்த காலை.
வாசற்படியில் குங்குமம் குழைந்த பூசணிச் சதை,
ஈ மொய்த்துக்கொண்டு.
வீட்டுக்காரரின் இறப்புச் சான்றிதழுக்கு வந்தவர்
வெள்ளைத் துப்பட்டியோடு கேட்டருகே நின்றார்.
டோக்கன் கூப்பிட்டாயிற்று, வரவில்லை.
நானே எட்டிப் பார்த்தேன்.

'உள்ள வரலாமா?'

இருபத்தாறு வருஷம் வீட்டுவரி கட்டியவர்.
'கவர்மெண்ட் ஆபீஸ்தானே, வாங்க' என்றேன்.
அதை நான் சொல்ல வேண்டியிருந்தது.
துப்பட்டியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து
சிவப்பைத் தாண்டி,
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.
பேங்கில், ரேஷனில் யாரும் கழற்றுவதில்லை.
இங்கேயும் அப்படி ஒரு போர்டு கிடையாது.

முத்திரை குத்தினேன்.
மை காய ஊதும்போது பார்த்தேன்: கோபுரம்.
ஒரு நாளைக்கு நாற்பது தடவை நான் குத்துகிற கோபுரம்
அன்றைக்குத்தான் கோபுரமாகத் தெரிந்தது.
அவர் அதைப் பார்க்கவேயில்லை.
நெய்னா முகம்மது என்பதில்
ரெண்டு சுழி ன சரியாக விழுந்திருக்கிறதா என்று
விரல் வைத்து மூன்று முறை படித்தார்.
நாலாக மடித்தார்.
மடிப்பு கோபுரத்தின் மேலேயே விழுந்தது.

இதை எந்தத் தலைப்பில் எழுதுவது?
நான் ஒன்றும் மெய்யழகன் இல்லை.
அன்றைக்குச் சுண்டல் தாளித்தது நான்.
பீரோ, கம்ப்யூட்டர், பிறப்பு இறப்புப் பதிவேடு
எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தது நான்.
அடுத்த வருஷமும் வைப்பேனா,
பதிவேட்டை விட்டுவிட்டு மற்றதற்கு வைப்பேனா,
தெரியவில்லை.

வைரக்கண்ணு ஏணியில் நின்று
வேலை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்.
'கம்பிய எங்க வைக்கிறது மேடம்?'

போர்ட்டிகோவுக்கு அடியில் மழை படாத படி.
சிவப்பு இன்னும் போகவில்லை.
ஸ்டோரில் ஒரு கிலோ பிளீச்சிங் பவுடர் வாங்கித் தூவி
தென்னை விளக்குமாற்றால் நானே தேய்த்தேன்.
கண் எரிந்தது. பாதிதான் போயிற்று.

பத்தி 17 இன்னும் காலி.
இருப்புப் பதிவேட்டில் மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்:
பிளீச்சிங் பவுடர், ஒரு கிலோ, தலைமை அலுவலக வாசல்.
பத்து வருஷத்தில் முதல் தடவை
அந்த வரியில் இருப்பது
பிளீச்சிங் பவுடர்.